ஒழுங்கைக்கு ஒரு தொடர்பாளர்: தயவுசெய்து பதவியாக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி நெருங்க நெருங்க, வெள்ளம், வருத்தம் என்ற அவசரத்தில் அயலவருக்கு உதவி கூப்பிட ஒழுங்கைக்கு ஒரு தொடர்பாளர் வேண்டும் என்ற பேச்சு எங்கள் பக்கம் மறுபடி எழுந்திருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் கூட்டங்களில் கதை போகிற போக்கைப் பார்த்தால், இதற்கும் ஒரு தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவாகி, மாலை போட்டுப் படமும் எடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. மீள்குடியேறிய காலத்தில் தொண்டு நிறுவனத்துக்கு ஒரு குழுவென்று எத்தனை குழுக்கள் கண்டோம்! திட்டம் முடிந்த அன்றே குழுவும் முடிந்தது.

தேவை இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கிளிநொச்சி மாவட்டத்தின் பரப்பு 1,279 சதுர கிலோமீற்றர். கிராம அலுவலர் பிரிவுகள் 95. சராசரியாக ஒரு விதானையாருக்கு 13 சதுர கிலோமீற்றருக்கு மேல் வருகிறது. 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து, கனகராயன் ஆற்றின் கீழ்ப்பக்க ஊர்களுக்குள் வெள்ளம் ஏறியது போல இன்னொரு இரவு வந்தால், அந்த மனிதர் எந்த வீட்டுக்கு முதலில் ஓடுவார்? எந்த வீட்டில் எழும்பி நடக்க முடியாதவர் படுத்திருக்கிறார் என்பது அந்த ஒழுங்கைக்குத்தான் தெரியும்.

எங்கள் ஒழுங்கையில் ஓர் அக்கா யாரும் நியமிக்காமலே இந்த வேலையைச் செய்துவருகிறார். அவருடைய தையல் மெசினுக்குப் பக்கத்தில் ஒரு சீ.ஆர். கொப்பி கிடக்கும். அதில் பெயர்களைவிட விபரங்கள்தான் அதிகம். 'மூன்றாவது படலை: ஐயா தனிய, இன்சுலின்.' 'வாய்க்கால் கரை வீடு: சக்கர நாற்காலி, தூக்க இரண்டு பேர் வேணும்.' 'உழவு இயந்திரம்: திறப்பு தம்பியிடம், இரவிலும் கேட்கலாம்.' இவ்வளவுதான். கடைசிப் பக்கத்தில் அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119 என்று சிவப்புப் பேனையால் எழுதியிருக்கிறார்.

1990க்கு அழைத்தவர்களுக்குத் தெரியும், மறுமுனையில் கேட்பது முகவரி. வீதிக்குப் பெயரில்லை, வீட்டுக்கு இலக்கமில்லை. நாங்கள் என்ன சொல்வது? 'வாய்க்கால் ரோட்டால வந்து, தலையில்லாத பனையடியில இடக்கைப் பக்கம் திரும்புங்கோ' என்றால், வெளியூரில் இருந்து வந்த சாரதி இருட்டில் பனையை எங்கே தேடுவார்? அக்கா போனை வைத்தவுடன் மகனை டோர்ச் லைற்றோடு சந்திக்கு அனுப்பிவிடுவார். வாகனம் நேரே வந்துவிடும்.

இதற்குப் பயிற்சிப் பட்டறை வேண்டியதில்லை. ஆனால் சில விஷயங்களில் கறாராக இருக்க வேண்டும். முதலாவது, தொடர்பாளர் நிவாரணப் பட்டியலைத் தொடவே கூடாது. அது விதானையாரின் வேலை. யாருக்கு உலர் உணவுப் பொதி, யாருக்கு இல்லை என்பதில் தலையிட்டால், அடுத்த நாளே பாதி ஒழுங்கை அவருடன் கதையாது. அப்புறம் அவசரத்துக்கு யார் அவர் வீட்டுப் படலையைத் தட்டுவார்கள்?

அடுத்தது அந்தக் கொப்பி. இங்கே பெயர் விபரம் பதிகிறார்கள் என்றாலே பலருக்கு இன்னும் வயிறு கலங்கும். ஏன் என்று வன்னியில் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆகவே விரும்பியவர்கள் சொன்னதை மட்டும் எழுத வேண்டும். கொப்பி வீட்டைவிட்டுப் போகக் கூடாது. படமெடுத்து வட்சப்பில் போடவே கூடாது. பெண்கள் தனியே இருக்கும் வீடுகள் எவை என்பது ஊரெல்லாம் சுற்ற வேண்டிய தகவலா? பிரதேச செயலகத்துக்குத் தொடர்பாளரின் தொலைபேசி இலக்கம் மட்டும் போதும்.

போனை மட்டும் நம்பவும் முடியாது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு நாட்டின் பல இடங்களில் தொலைபேசித் தொடர்பே அறுந்துபோனது. வீட்டுக்கு வீடு நடந்தோ சைக்கிளிலோ போகக்கூடியவர்களாக ஒழுங்கைக்கு இரண்டு பேர் வேண்டும். பகலில் ஆண்கள் வயலிலோ கூலி வேலையிலோ நிற்பதால், ஒருவராவது பெரும்பாலும் வீட்டில் இருப்பவராக இருக்கட்டும். அடுத்த பிரதேச சபைத் தேர்தலுக்கு ஆயத்தமாகிறவர்கள் மன்னிக்க வேண்டும், உங்களுக்கு வேறு மேடைகள் இருக்கின்றன.

பிரதேச சபையிடம் ஒரேயொரு கோரிக்கை. மழை தொடங்குமுன் ஒழுங்கைகளுக்குப் பெயரும் வளவுகளுக்கு இலக்கமும் கொடுங்கள். பலகைக்கு மரமும் பெயின்ரும் நாங்களே தருகிறோம், நடுவதற்கும் ஆட்கள் இருக்கிறோம். சபை அந்தப் பெயர்களைத் தன் பதிவில் ஏற்றி, 1990 சேவைக்கும் ஒரு பிரதி அனுப்பினால் சரி.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கண்டாவளை, கிளிநொச்சி.