உன் வில் வந்து சேர்ந்தது

அன்பு மகளே,

நீ அனுப்பிய வயலின் வில் வந்து சேர்ந்தது. செலோ வாசிக்கிற உன் தோழி போன செவ்வாய்க்கிழமை பட்டறைக்கே கொண்டுவந்து கொடுத்தாள். காபி போடுகிறேன் என்றேன், ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது என்று நின்றபடியே பேசினாள். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, சுவரில் தொங்குகிற வில்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பெண். மேற்கொண்டு நான் ஒன்றும் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கப்போவதில்லை.

அம்மாவுக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. கிறிஸ்துமஸ் பெய்க்லி ரொட்டிக்குக் கசகசா வாங்கி வைத்துவிட்டாள், போன வருடத்தைவிட அதிகமாகவே. சொல்ல இன்னும் நிறைய இருந்தது, வில் வந்ததிலிருந்து எதுவும் நினைவில் நிற்கவில்லை.

கையைச் சூடாக வைத்துக்கொள். பெர்லின் குளிர் நம் புடாபெஸ்ட் குளிர் மாதிரி இல்லை என்று நீதான் சொல்லியிருக்கிறாய்.

நாலு மாதமாக நீ போன் செய்யவில்லை. கோபத்தில் சொல்லவில்லை, உனக்கு வேலை இருக்கும். ஆனால் அம்மா ராத்திரியில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் கச்சேரித் தேதிகளைப் பார்ப்பாள். ஜனவரியில் நீ வாசிக்க வேண்டிய நம் ஹங்கேரிக்காரர் பார்டோக் எழுதிய இரண்டாவது வயலின் கான்செர்ட்டோவுக்கு வேறொருவர் பெயர் போட்டிருக்கிறது. 1939இல் ஆம்ஸ்டர்டாமில் வயலின்காரர் சேகேய் முதன்முதலாக வாசித்தது அது, அவரும் ஹூபாயின் மாணவர், நம் குரு வரிசைக்காரர். அதை நீ விட்டுக்கொடுப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை. சரி, காரணம் இருக்கும்.

நம் வரிசை என்று எழுதிவிட்டேன். உன் ஆசிரியைக்குச் சொல்லிக்கொடுத்தவர் சதுரெட்ஸ்கியிடம் கற்றவர், சதுரெட்ஸ்கிக்கு ஹூபாய், ஹூபாய்க்கு யோவாக்கிம். பட்டறைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். வில்லுக்கு முடி கட்டுகிறவன் மகள் அந்த வரிசையில் வந்து நிற்கிறாள் என்று எனக்கு எத்தனை பெருமை தெரியுமா. முதல் வருடம் வயலினைத் தொடவிடாமல் பாடத்தான் வைத்தார்கள், கோடாய் முறைப்படி டோ, ரே, மி ஸ்வரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கைச்சைகை. நீ 4-6 டிராமில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாய்க்குள் பாடிக்கொண்டே கையைக் காட்டுவாய், எதிரில் இருக்கிற கிழவிகள் உனக்குப் பதிலுக்குக் காட்டுவார்கள். பதினொரு வயதில் லிஸ்ட் இசை அகாடமியின் சிறப்பு வகுப்பில் எடுத்துக்கொண்டார்கள். உன்னை உள்ளே அனுப்பிவிட்டு லிஸ்ட் சிலைக்குக் கீழே நிற்பேன். எந்த ஜன்னலிலிருந்து கிராய்ட்சரின் வயலின் பயிற்சி கேட்டாலும் அது நீதான் என்று நினைத்துக்கொள்வேன்.

நேரத்துக்குத் தூங்கு. கையைச் சூடாக வைத்துக்கொள், அந்தக் கம்பளிக் கையுறை இன்னும் இருக்கிறதா?

சொல்லிக்கொடுப்பதைப் பற்றி நீ எப்போதாவது யோசித்திருக்கிறாயா? சும்மாதான் கேட்கிறேன். நம் வெஸ்ப்ரேமில் பிறந்த வயலின்காரர் ஆவர் 1868லிருந்து 1917 வரை பீட்டர்ஸ்பர்க்கில் சொல்லிக்கொடுத்தார். பெரிய வயலின்காரர்கள் ஹைஃபெட்ஸும் மில்ஸ்டைனும் அவர் வகுப்பிலிருந்து வந்தவர்கள். அது மேடையைவிடக் குறைந்த வேலை என்று நம் வீட்டில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சு என் வாயிலிருந்து வந்ததுதான்.

வில்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. உன் வில் வந்தால் பெயர் ஒட்டாமலே எனக்கு அடையாளம் தெரியும். கைப்பிடிப் பக்கம் முடி இரண்டு விரல் அகலத்துக்கு உன் கட்டைவிரல் பட்டுக் கறுத்திருக்கும். சாய்த்துப் பிடிப்பதால் வெளி ஓரத்து முடியெல்லாம் அறுந்து போயிருக்கும், பாதி முடி மட்டும்தான் மிச்சம் வைத்து அனுப்புவாய். இந்தத் தடவை அந்த இடம் வெள்ளையாக இருக்கிறது. ஓர முடி அப்படியே இருக்கிறது. வசந்தத்தில் நான் சுற்றிய தோலில் நகம் பட்ட தடம்கூட இல்லை. ஏழெட்டு முடி மட்டும் நடுவில் அறுந்து தொங்கியது, நுனியை லென்ஸில் பார்த்தேன். அது தந்தியில் உரசி அறுந்ததல்ல, பூச்சி கடித்தது. மாதக்கணக்கில் திறக்காத பெட்டியின் இருட்டில்தான் அந்தப் பூச்சி வரும் என்று உனக்கு ஆறு வயதிலேயே சொல்லியிருக்கிறேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை.

உனக்குப் பதினைந்து வயதில், அந்தப் போட்டிக்கு மூன்று வாரம் முன்னால், சாப்பாட்டு மேஜையில் முழங்கையிலிருந்து சுண்டுவிரல் வரை எரிகிறது என்றாய். மறுநாளும் சொன்னாய். அம்மா டாக்டரிடம் போகலாம் என்றாள். நான் போட்டி முடியட்டும் என்றேன். அப்புறம் வயலின்காரர் சிகெட்டியின் கதையை எடுத்தேன், 1906இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் சர்க்கஸ் கூடாரத்தில் வேறு பெயரில் வாசித்த பையன், உன்னைவிடச் சின்னவன், அவனுக்குக் கை வலிக்கவில்லையா என்று. நீ ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் மறுபடி வாசித்தாய். நான் சமையலறையில் உட்கார்ந்து கேட்டேன். சுருதி எங்கே விலகுகிறது என்று கேட்டேன், உன் வலியைக் கேட்கவில்லை.

அந்தக் கதையின் மீதிப் பாதியை நான் உனக்குச் சொன்னதே இல்லை. 1913இல் சிகெட்டிக்குக் காசநோய். தாவோஸ் மலையில் ஆஸ்பத்திரியில் போட்டார்கள், கச்சேரியெல்லாம் நின்றுபோனது. அவருக்கு அப்போது இருபது சொச்ச வயது. 1917இல் ஜெனீவாவில் சொல்லிக்கொடுக்கப் போனார். பார்டோக் முதல் ராப்சொடியை அவருக்குச் சமர்ப்பித்தது 1928இல், அதெல்லாம் அப்புறம்தான். இது எனக்கு அப்போதே தெரியும். அன்று உனக்கு எந்தப் பாதி தேவை என்றும் தெரிந்திருக்க வேண்டும். சொன்னால் நீ நிறுத்திவிடுவாயோ என்று பயந்தேன்.

இரண்டாம் பரிசு வாங்கிய படம் பட்டறையில் மாட்டியிருக்கிறதே, அதில் உன் இடது கை வலது அக்குளுக்குள் இருக்கிறது. பார்க்கிறவர்கள் கேட்டால் குளிருக்கு அப்படி வைத்திருக்கிறாள் என்பேன். அது ஜூன் மாதம். இவ்வளவு வருடமும் எனக்குத் தெரியும். மகளே, என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

வில்லுக்கு முடி மாற்றவில்லை. பூச்சி கடித்ததை மட்டும் வெட்டி, ஈரச் சீப்பால் வாரி, திருகைத் தளர்த்தித் திறந்த அலமாரியில் வெளிச்சம் படுகிற இடத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். அதை எடுக்க வரவேண்டும் என்று இல்லை. சும்மா வா. நேர் ரயிலில் ஏறினால் நியுகாட்டி ஸ்டேஷனில் வந்து நிற்கிறேன். வயலின் பெட்டி இல்லாமல் வந்தால் ஏன் என்று கேட்க மாட்டேன், அம்மாவையும் கேட்கவிட மாட்டேன். கையுறை போட்டுக்கொண்டு வா.

அப்பா