வேளாண் பல்கலைக்கழக வரலாற்று நூலுக்குத் துணைநின்றோர்க்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியோர் அனைவருக்கும் வணக்கம்.

கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றைச் சிறு நூலாகத் தொகுக்கும் பணி நிறைவுற்று, படி அச்சுக்குச் சென்றுள்ள இவ்வேளையில், துணைநின்ற ஒவ்வொருவருக்கும் தொகுப்புக் குழுவின் சார்பில் நன்றி தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

1868இல் சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, 1906இல் கோவைக்கு இடம்பெயர்ந்து, 1920இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, 1971 ஜூன் 1 அன்று தனிப் பல்கலைக்கழகமானது வரையிலான செய்திகளைச் சரிபார்த்துத் தந்த நூலகத்தார்க்கு முதல் நன்றி. பெயர்ப்பலகை மாறிய ஆண்டுகள் எந்தக் கையேட்டிலும் கிடைத்துவிடும். வயலில் நடந்தவற்றை அறியத்தான் பலருடைய வாசலிலும் போய் நிற்க வேண்டியிருந்தது.

1909 முதல் நடந்துவரும் நிரந்தர உர ஆய்வு வயலை வரப்பு வரப்பாகச் சுற்றிக்காட்டிய மண்ணியல் துறையினரை மறக்க இயலாது. எருவோ உரமோ இடாமலே விடப்பட்ட பாத்தி, தழைச்சத்து மட்டும் பெறும் பாத்தி, தொழுவுரம் மட்டும் பெறும் பாத்தி என்று, ஆட்சிகளும் அதிகாரிகளும் மாறியபோதும் அவ்வப் பாத்திக்கு உரியதை மாற்றாமல் காத்து வந்திருப்பதே, என் பார்வையில், இந்நிறுவனத்தின் தலையாய சாதனை.

1912இல் அமைந்த நெல் ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றியும், 1921இல் வெளிவந்த ஜி.இ.பி. 24 என்னும் நெல் இரகத்தைப் பற்றியும் பொறுமையாக விளக்கிய ஓய்வுபெற்ற பேராசிரியர்களுக்கும் நன்றி. இரு நெல் இரகங்களைக் கலப்பதற்காக, பூ விரியுமுன் நெல்மணியின் நுனியை நறுக்கி, உள்ளிருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, கதிருக்கு உறை மாட்டித் தேதியெழுதிய சீட்டைக் கட்டுவது வரை செய்து காட்டிய பண்ணைத் தொழிலாளர்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. இரகம் வெளியிடும்போது அச்சாகும் பெயர்ப் பட்டியலில் அவர்கள் இடம்பெறுவதில்லை என்பதால், இந்நூலில் தனி இயலே ஒதுக்கியுள்ளோம்.

ஆடுதுறை, அம்பாசமுத்திரம், திரூர்க்குப்பம், பரமக்குடி நிலையங்களின் பழைய விதைப்பைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தி வைத்திருந்து அனுப்பிய உழவர்களுக்கும் நன்றி. ஏ.டி.டி., ஏ.எஸ்.டி., டி.கே.எம்., பி.எம்.கே. என்று இரகப் பெயர்களின் முன்வரும் எழுத்துகளைக் கொண்டே ஊரைச் சொல்லிவிடும் அவர்களால்தான் கிளை நிலையங்களின் இயல் முழுமை பெற்றது. கரும்பு இனப்பெருக்கு நிறுவனமும் கோவையிலேயே இருப்பினும், அது தனி நிறுவனமாதலால் அதன் புகழை இங்குக் கடன் வாங்கவில்லை; கேட்ட நண்பர்கள் பொறுத்தருள்க.

நூல் வந்ததும் உதவியோர் அனைவருக்கும் ஒரு படி அஞ்சலில் வந்து சேரும். திருத்தங்கள் இருப்பின் எழுதி அனுப்புங்கள்; அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்வோம்.

நன்றியுடன்,
தொகுப்புக் குழுவினர்க்காக.