டனீடின் வீட்டை வாடகைக்கு விடுமுன்

அன்பு மகளுக்கு,

டனீடின் வீட்டை வாடகைக்கு விட முடிவு செய்துவிட்டதாகவும், முன்னறைக்குப் புதிதாக நிறம் பூசி, கம்பளத்தைக் கழுவி, நல்ல ஹீற்றர் ஒன்றையும் வாங்கி வைத்தால் போதுமா என்றும் கேட்டு எழுதியிருந்தாய். போதாது. நிறமும் கம்பளமும் உன் விருப்பம். சட்டம் கேட்பது வேறு. நீ மெல்பேர்ணில் வேலைக்குப் போய்விட்டாய். நியூசிலாந்துக்கு வெளியே தொடர்ந்து 21 நாளுக்கு மேல் இருக்கும் வீட்டு உரிமையாளர், இந்த நாட்டுக்குள்ளேயே தன் சார்பில் ஒரு முகவரை நியமித்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் குடியிருப்பவருக்குக் கொடுத்தாக வேண்டும். அந்த முகவராக இருக்க நான் சம்மதித்திருக்கிறேன். குளிர்காலமான யூலை மாதத்து இரவொன்றில் வீடு கூதலாகக் கிடக்கிறது என்று யாராவது முறையிட்டால் ஒலிக்கப் போவது என்னுடைய தொலைபேசிதான். அதனால்தான் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வீட்டை வாடகைக்கு விடுவதை ஆளும் அடிப்படைச் சட்டம் 1986ஆம் ஆண்டினுடையது. அதன் மேல் 2017இல் ஆரோக்கியமான வீடுகளுக்கான உத்தரவாதச் சட்டம் நிறைவேறி, 2019இல் அதற்கான விதிமுறைகள் வந்தன. வீட்டைச் சூடாக்கும் வசதி, இன்சுலேசன் (சூடு வெளியேறாமல் தடுக்கும் காப்பு), காற்றோட்டம், ஈரம் புகாமையும் நீர் வடிதலும், இடுக்குகளை அடைத்தல் ஆகிய ஐந்தையும் அவை நிர்ணயிக்கின்றன. தனியார் வீடுகளுக்குத் தொடக்கத்தில் தவணை இருந்தது. புதிதாக ஒருவர் குடிவந்த பிறகு 90 நாளுக்குள் செய்து முடிக்கலாம் என்று இருந்து, பின்னர் அது 120 நாளாயிற்று. ஆட்கள் குடிவந்த பிறகும் தவணை உண்டு என்று உன் தோழி சொன்னதாக எழுதியிருந்தாயே, அவளுக்கு நினைவில் இருப்பது இதுதான். 2025 யூலை முதலாம் திகதியோடு அது முடிந்துவிட்டது. இப்போது வாடகைக்குப் போகும் வீடு முதல் நாளிலேயே எல்லா விதியையும் நிறைவு செய்திருக்க வேண்டும். ஆட்களை இருத்திவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இடமில்லை.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று நீ நினைக்கக் கூடும், ஏனென்றால் நீ அந்த வீட்டில் இருந்த காலத்தில் இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு சமாளித்தவள். நீ இளம் வயதினள். பகல் முழுவதும் வெளியே இருந்தாய். நாளை அங்கே வரப்போவது ஆஸ்துமா உள்ள குழந்தையோ, நாள் முழுவதும் வீட்டோடு கிடக்கும் முதியவரோ என்பது நமக்குத் தெரியாது. வீட்டுக்குள் வெப்பம் 18 பாகைக்குக் குறையக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் பிலிப்பா ஹவுடன்-சாப்மன் குழுவினர் இந்த நாட்டில் 1,350 வீடுகளை எடுத்து, இன்சுலேசன் போட்ட வீடுகளையும் போடாதவற்றையும் ஒப்பிட்டு, 2007இல் முடிவுகளை வெளியிட்டார்கள். படுக்கையறையின் வெப்பம் கூடியது சராசரியாக அரைப் பாகையளவுதான். ஆனாலும் மூச்சிழுப்பு குறைந்தது, பிள்ளைகள் பாடசாலைக்குப் போகாமல் நின்ற நாட்களும் பெரியவர்கள் வேலைக்குப் போகாத நாட்களும் குறைந்தன. என்னைக் கேட்டால், பிறர் வீட்டு முகட்டுக்குள்ளும் நிலப்பலகையின் கீழும் தவழ்ந்து இன்சுலேசன் பொருத்தியே பிழைத்தவன் என்ற முறையில், அந்த அரைப் பாகையை நான் சிறிதாக எண்ணுவதில்லை.

இனி ஹீற்றரின் விஷயம். கடையில் வாங்கி மின்செருகியில் மாட்டும் ஹீற்றர் எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் கணக்கில் சேராது, ஏனெனில் விதி கேட்பது வீட்டோடு நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட ஒன்றை. அது முன்னறையைக் குறைந்தது 18 பாகைக்குக் கொண்டு வந்து, அந்தச் சூட்டிலேயே வைத்திருக்கும் வலுவுடையதாக இருக்க வேண்டும். எத்தனை கிலோவாட் தேவை என்பதை ஊகத்தில் தீர்மானிக்க முடியாது. அறையின் நீள அகலம், கூரையின் உயரம், யன்னல்களின் பரப்பு, வெளிச்சுவர் எத்தனை, வீடு எந்த ஊரில் இருக்கிறது என்பவற்றைக் கொண்டு கணக்கிடுவதற்கு வாடகைச் சேவை அலுவலகம் இணையத்தில் ஒரு கருவி வைத்திருக்கிறது. நம் வீட்டில் முன்னறைக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் குசினிக்கும் நடுவே கதவு இல்லாதபடியால் மூன்றையும் ஒரே அறையாகவே கணக்கில் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் தேவைப்படும் வலு 2.4 கிலோவாட்டைத் தாண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த அளவைத் தாண்டிவிட்டால் சாதாரண மின்சார ஹீற்றரைப் பொருத்த விதியில் இடமில்லை, வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்து உள்ளே தரும் ஹீற் பம்ப் போன்ற ஒன்றுக்குத்தான் போக வேண்டும். மூடிய விறகுக் கணப்பும் ஏற்றுக்கொள்ளப்படும், ஆனால் குடியிருப்பவர் விறகு வாங்கி அடுக்குவார் என்று நாம் எதிர்பார்ப்பது நியாயமல்ல. கொட்டிலில் கிடக்கும் அந்தக் காஸ் சிலிண்டர் ஹீற்றரை வீட்டுக்குள் வைக்கவே வேண்டாம். புகைபோக்கி இல்லாத ஹீற்றர் விதிக்குப் பொருந்தாது என்பது ஒரு புறம் இருக்க, ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக அறைக்குள்ளேயே சேரும். சூடும் கொடுத்து ஈரமும் கொடுக்கும் சாதனத்தால் யாருக்கும் நன்மை இல்லை.

படுக்கையறைகளுக்கு ஹீற்றர் வைக்கும்படி சட்டம் கேட்கவில்லை. இரட்டைக் கண்ணாடி யன்னலும் கேட்கவில்லை. இந்த விதிகளில் எனக்கிருக்கும் மனக்குறை இதுதான், ஏனென்றால் பிள்ளைகள் இரவு முழுவதும் மூச்சு விடுவது படுக்கையறையில். தெற்குப் பக்கத்துச் சிறிய அறையில் குளிர்காலம் முழுவதும் வெயில் எட்டிப் பார்ப்பதில்லை என்பது உனக்கே தெரியும். அந்த அறைக்குச் சுவரில் பொருத்தும் சிறிய ஹீற்றர் ஒன்றும், எல்லா அறைகளுக்கும் தடித்த திரைச்சீலையும் போட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இது கட்டாயமல்ல, உன் பணம், உன் தீர்மானம்.

இன்சுலேசனில் உன்னுடைய வீடு பாதித் தேறியிருக்கிறது. முகட்டுக்குள் முந்திய உரிமையாளர் விரித்த கண்ணாடி இழைப் பஞ்சு இருக்கிறது. பழையதாக இருந்தாலும் நல்ல நிலையில், 120 மில்லிமீற்றருக்குக் குறையாத தடிப்பில் இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். மின்கம்பி இழுத்தவர்கள் சில இடங்களில் அதை விலக்கிவிட்டு அப்படியே போயிருக்கிறார்கள். போர்வைக்கு வெளியே கால் நீண்டிருப்பது போலத்தான் அது: மூடிய இடமெல்லாம் சூடாக இருந்தும், திறந்த இடத்தால் குளிர் முழுவதும் உள்ளே இறங்கிவிடும். அங்கே புதிதாகப் போடுவதானால், டனீடின் அடங்கிய தென்தீவு முழுவதும் மூன்றாம் காலநிலை வலயத்தில் அடங்குவதால், ஆர் 3.3 அளவுள்ளதைப் போட வேண்டும் (ஆர் என்பது சூட்டைத் தடுக்கும் வலுவின் அளவு). ஒக்லண்டில் என்றால் 2.9 போதும். நிலப்பலகையின் கீழ் இருப்பதோ பழைய வெள்ளித் தாள், அதாவது அலுமினியத் தாள் இன்சுலேசன். அது பல இடங்களில் கிழிந்து தொங்குகிறது. அதைத் திருத்துவதோ அதே தாளைப் புதிதாக அடிப்பதோ 2016 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது, ஏனெனில் தாளை இறுக்கும் கம்பி ஊசி மின்கம்பியில் பட்டு, தாள் முழுவதும் மின்சாரம் பாய்ந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். எனவே நீயோ உன் நண்பர்களோ மலிவாகச் செய்துவிடலாம் என்று அதன் கீழே போகக் கூடாது. மின்சாரத்தை முற்றாக நிறுத்தித் தாளை அகற்றி, ஆர் 1.3க்குக் குறையாத இன்சுலேசனைத் தொழில் தெரிந்தவர்கள் பொருத்தட்டும்.

அதே வேலையோடு நிலத்தையும் மூட வேண்டும். வீட்டின் கீழ்ப்பகுதியைச் சுற்றிச் சுவர் அடைத்திருப்பதால் மண்ணிலிருந்து எழும் ஈரத்துக்குப் போக வழியில்லை. அது பலகை வழியே மேலேறி, அலுமாரிக்குள் துணிகளில் பூஞ்சணமாக வெளிப்படுகிறது. குறைந்தது கால் மில்லிமீற்றர் தடிப்புள்ள பொலித்தீனை மண் தெரியாமல் விரிப்பதுதான் இதற்கு மருந்து. ஐந்து விதிகளிலும் செலவுக்கு மிஞ்சிய பலன் தருவது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால் யாரும் இதில் அக்கறை காட்டுவதில்லை. கூரைப் பீலியில் தெற்கு மூலை ஒழுகி, தண்ணீர் சுவரோரத்திலேயே விழுகிறது. பீலியும் இறங்குகுழாயும் திருத்தப்பட்டு, மழைநீர் முறையாக வடிகாலில் சேரும் வரை மேலே சொன்ன பொலித்தீனும் பாதிப் பயனே தரும்.

காற்றோட்டத்துக்கு ஒவ்வொரு அறையிலும் திறக்கக் கூடிய யன்னலோ கதவோ, தரைப்பரப்பின் 5 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நம்மிடம் யன்னல் போதிய அளவில் உண்டு, ஆனால் அவற்றில் இரண்டைப் பூட்டி அவற்றின் மேலேயே நிறம் பூசி ஒட்டியிருக்கிறது. திறக்காத யன்னல் கணக்கில் வராது. குளியலறை விசிறி 2019 யூலைக்கு முன்பே பொருத்தப்பட்டது என்பதால், அது ஒழுங்காக வேலை செய்து காற்றை வெளியே தள்ளினாலே போதும். குசினியில் அடுப்புக்கு மேலே இருப்பது காற்றை வடிகட்டித் திரும்ப அறைக்குள்ளேயே விடும் வகை. அது விதிக்குப் பொருந்தாது. 150 மில்லிமீற்றர் குழாயோடு வெளிச்சுவரைத் துளைத்துப் போகும் விசிறி ஒன்று வேண்டும். நம்மவர் வீட்டுச் சமையலில் எழும் ஆவியை நினைத்தாலே இதில் வாதாட எதுவும் இல்லை.

பூஞ்சணம் வருவது யன்னலைத் திறக்காத குடியிருப்பவர்களின் குற்றம் என்று உன் தோழி சொன்னதை எழுதியிருந்தாய். வீட்டுக்காரர்கள் கூடும் இடமெல்லாம் இந்தப் பேச்சு கேட்கும். அதில் உண்மை அறவே இல்லையென்று நான் சொல்லவில்லை: ஒரு முறை துவைத்த துணியை வீட்டுக்குள் காயவைத்தால் ஐந்து லீற்றர் அளவு ஈரம் அறைக்குள் சேரும், யன்னலைத் திறந்து வீட்டைத் துப்புரவாக வைத்திருப்பதும் பழுது கண்டால் உடனே அறிவிப்பதும் குடியிருப்பவரின் கடமைதான். ஆனால் வெளியே 3 பாகைக் குளிர் அடிக்க, உள்ளே சூடாக்க வழியே இல்லாத வீட்டில் யன்னலைத் திற என்று சொல்வதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது? முதலில் வீடு காயக் கூடிய வீடாக இருக்க வேண்டும்; அதற்குப் பிறகுதான் குடியிருப்பவரின் பழக்கத்தைப் பற்றிப் பேச நாம் வாய் திறக்கலாம். சட்டமும் அதே ஒழுங்கில்தான் வைத்திருக்கிறது.

இடுக்குகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கதவு, யன்னல், நிலப்பலகை எங்கும் 3 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளியிருந்து குளிர்காற்று வந்தால் அடைக்க வேண்டும். அதை நானே செய்துவிடுவேன். பாவிக்காத பழைய கணப்பின் புகைபோக்கியையும் மூடிவிடுவோம். குடியிருப்பவர் திறந்து வைக்கும்படி எழுத்தில் கேட்டால் மட்டும் திறக்கலாம்.

இப்போது கையெழுத்துக்கு வருகிறேன், பிள்ளை. இதைத்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தோடு, வீடு ஒவ்வொரு விதியையும் எந்த அளவில் நிறைவு செய்கிறது என்று விவரமாக எழுதி வீட்டு உரிமையாளர் கையொப்பமிட்ட அறிக்கை ஒன்று இருக்க வேண்டும். எந்த இன்சுலேசன், எந்த ஆண்டு, எத்தனை கிலோவாட் என்ற விவரமெல்லாம் அதில் வரும். பலர் இதை ஒரு படிவம் என்று நினைத்து எல்லாவற்றுக்கும் சரியென்று போட்டுவிடுகிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. யாரோ ஒருவர் கீழே போய்ப் பார்த்து, அளந்து, படம் எடுத்திருந்தால் ஒழிய எந்த வரியிலும் உன் பெயர் விழக் கூடாது. குடியிருப்பவர் ஆதாரம் கேட்டால் 21 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், ஆகவே ரசீது, படங்கள், பொருத்தியவரின் சான்று எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து வைக்கிறேன். அந்தக் கோப்பைக் குடியிருப்பவர் வெளியேறி ஒரு வருடம் வரையிலும் எறிய முடியாது. விதியை நிறைவு செய்யாத வீட்டுக்காரர் மீது வாடகைத் தீர்ப்பாயம் 7,200 டொலர் வரை தண்டம் விதிக்கலாம், வேலையையும் செய்து முடிக்கும்படி உத்தரவிடலாம். முறையிட்டார் என்பதற்காக அவரை வெளியேறச் சொல்லி அறிவித்தல் கொடுத்தால், அதைப் பழிவாங்கல் என்று கண்டு செல்லாததாக்கவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. வீட்டைப் பார்வையிட நான் போவதானாலும் 48 மணித்தியாலத்துக்கு முன் அறிவிக்க வேண்டும். திருத்த வேலைக்கு 24 மணித்தியாலம். நம்முடைய வீடுதானே என்று சாவியோடு போய் நிற்க முடியாது.

அரசாங்க உதவி கிடைக்குமா என்றும் கேட்டிருந்தாய். இன்சுலேசனுக்கும் ஹீற்றருக்கும் இப்போது கொடுக்கப்படும் மானியம் தம் சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கு உரியது. வாடகைக்கு விடும் வீட்டுக்கு இல்லை. நீ அங்கே இருந்தபோதே விண்ணப்பித்திருக்கலாம் என்று இப்போது பேசிப் பயனில்லை. செலவு உன்னுடையதுதான், அது முதல் சில மாத வாடகையைத் தின்றுவிடும் என்பதையும் தெரிந்துகொண்டே தொடங்கு.

நிலத்தின் கீழ் வேலைக்கும் ஹீற் பம்புக்கும் விலை மதிப்பு எழுதி வாங்கி இந்த வார முடிவுக்குள் அனுப்புகிறேன். முன்னறையின் அளவுகளையும் அந்தக் கருவியில் இட்டு, வரும் கணக்கை அச்சிட்டு இணைத்துவிடுவேன். நீ சம்மதித்து எழுதினால் வேலையைத் தொடங்கலாம். வாடகை விளம்பரத்தை மட்டும் இப்போது போடாதே. பொருத்துபவர்கள் முடித்து, நான் ஒவ்வொன்றையும் பார்த்த பிறகு அறிக்கையை உனக்கு அனுப்புகிறேன்; நீ வாசித்துக் கையொப்பமிட்ட பிற்பாடு ஆட்களைத் தேடலாம்.

அன்புடன்,
அப்பா