பதினைந்து நாளில் புரட்டிவிடலாமாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற திங்கள்கிழமை கல்வி இணைப்பில் குடிமைப் பணித் தேர்வுக்கான ஆலோசனைக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. எழுதியவர் பயிற்சி மையம் நடத்துபவர் என்று அடியில் போட்டிருந்தீர்கள். நடப்பு நிகழ்வுகளுக்காகத் தினமும் நாளிதழோடு மல்லுக்கட்டுவது நேர விரயம், கடைசிப் பதினைந்து நாளில் நல்ல தொகுப்பு ஒன்றைப் புரட்டினால் போதும் என்கிறார்.

காலை ஆறு மணிக்குக் காசு கொடுத்து வாங்கிய நாளிதழிலேயே, நாளிதழ் வாங்காதே என்று படித்தேன். இட்லிக் கடை வாசலில் 'வீட்டில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்' என்று பலகை மாட்டிய முதலாளியை இப்போதுதான் பார்க்கிறேன். பெரிய மனசுதான் உங்களுக்கு.

நான் கிளை நூலகம் ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் மகள் யுபிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிறாள். அவளுக்கு முன்னால் என் நூலகத்து மேசையில் உட்கார்ந்து படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர். ஒருநாள் மத்தியானம், பிளேடால் உங்கள் நாளிதழின் ஒரு பக்கத்தை அறுத்துக்கொண்டிருந்த பையனைக் கையும் களவுமாகப் பிடித்தேன். திட்டினேன். அழுதுவிட்டான். அவன் பையைத் திறந்து காட்டினான்: எட்டு மாதத்துக் கத்தரிப்புகள், தேதி எழுதி, பொருள்வாரியாகப் பிரித்து, பழைய பாடநோட்டில் ஒட்டி வைத்திருந்தான். பொருளாதாரம், சுற்றுச்சூழல், அரசமைப்பு, அறிவியல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டு. அதன் பிறகு எடைக்குப் போடும் நாளில் முதலில் அவனைக் கூப்பிட்டுத்தான் கட்டைப் பிரிப்பேன். விதிப்படி அது தவறு. ஓய்வு பெற்றுவிட்டதால் தைரியமாக எழுதுகிறேன்.

நேர விரயம் என்று உங்கள் கட்டுரையாளர் சொல்வது இந்தப் பையன் செய்த வேலையைத்தான்.

அவர் கணக்கையே போட்டுப் பார்ப்போம். மாதத் தொகுப்பு நூறு பக்கம் என்று குறைத்து வைத்தாலும் ஓராண்டுக்கு 1,200 பக்கம். பதினைந்தால் வகுத்தால் நாளைக்கு 80 பக்கம். வரலாறு, புவியியல், அரசமைப்பு எல்லாம் அந்தப் பதினைந்து நாளில் யார் படிப்பது? கட்டுரையாளர் வந்து படித்துத் தருவாரா? முதல்நிலைத் தேர்வின் முதல் தாளில் 100 கேள்வி, 200 மதிப்பெண். ஒன்று தப்பானால் 0.66 போய்விடும். அரைகுறையாகப் புரட்டியவன்தான் "எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே" என்று வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு வருவான். பார்க்காதவனாவது விட்டுவிடுவான்.

என் மகள் இதில் பட்டது எனக்குத் தெரியும். 2023-இல் அச்சான தொகுப்பு ஒன்றை, ஸ்பைரல் போட்டது, மூன்று முறை திருப்பினாள். அதில் தமிழ்நாட்டு ராம்சார் தலங்கள், அதாவது ராம்சார் என்ற உலக உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்த ஈரநிலங்கள், 14. கோடியக்கரை ஒன்றுதான் 2002 முதல் இருந்தது. 2022-இல் ஒரே ஆண்டில் 13 சேர்ந்தன. சரியான தகவல்தான், அச்சான நாளில். 2024 தொடக்கத்தில் அரியலூர் கரைவெட்டியும் நீலகிரி லாங்வுட் சோலையும் சேர்ந்து 16 ஆகிவிட்டது. அந்த ஆண்டு முதல்நிலைத் தேர்வு மே 26 என்று இருந்து, மக்களவைத் தேர்தலால் ஜூன் 16-க்குத் தள்ளிப்போனது. அந்த மூன்று வாரமும் அவள் உட்கார்ந்து திருப்பியது 14-ஐத்தான். ஆகஸ்டில் நஞ்சராயன், கழுவேலி வந்து 18. 2025 பிப்ரவரியில் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் வந்து 20. கடைசி இரண்டும் எங்கள் பக்கத்து மாவட்டத்துக் கண்மாய்கள் ஐயா. பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ராமநாதபுரத்துக் கண்மாய்க்கு உலகப் பெயர் கிடைத்த செய்தியை நீங்கள் எங்கே போட்டீர்கள் தெரியுமா? உள்பக்கத்தில், ராசிபலனுக்குக் கீழே, மூன்று வரி.

இதற்கும் மேலே ஒன்று. எண்ணிக்கையை உருப்போட்டால் மட்டும் தேர்வில் நடக்காது. 2014 முதல்நிலைத் தேர்வில், அதே ராம்சார் உடன்படிக்கையின் கீழ் வரும் மாண்ட்ரூ பதிவேட்டில் ஒரு ஈரநிலத்தைச் சேர்த்தால் என்ன பொருள் என்று கேட்டார்கள். மனிதர் தலையீட்டால் அதன் சூழல் தன்மை மாறிவிட்டது, மாறுகிறது, அல்லது மாறக்கூடும் என்று பொருள். மணிப்பூரின் லோக்தக், ராஜஸ்தானின் கியோலாதேவ் இரண்டும் அதில் இருக்கின்றன. ஒடிசாவின் சிலிகா 2002-இல் வெளியே வந்தது. சிலிகா ஏன் உள்ளே போனது, எப்படி வெளியே வந்தது என்பதைத் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு அந்தக் கேள்வி தண்ணீர் பட்ட பாடு. அதைத் தொகுப்பு ஒற்றை வரியில் சொல்லும். நாளிதழ்தான் கதையாகச் சொல்ல முடியும். நாளிதழ் சொல்லவில்லை என்றால் அது வேறு கதை.

சொல்லவில்லை என்பதுதான் என் பழைய மனக்குறை. கடிதம் எழுத உட்கார்ந்தாயிற்று, அதையும் சொல்லிவிடுகிறேன்.

2023 செப்டம்பரில் மகளிர் இடஒதுக்கீடு நிறைவேறியபோது உங்கள் நாளிதழ் ஒரு வாரம் முழுக்க "128-வது அரசமைப்புத் திருத்தச் சட்டம்" என்று எழுதியது. 128 என்பது மசோதாவின் எண். சட்டமானபோது அது 106-வது திருத்தம். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு இது வாழ்வா சாவா என்கிற வித்தியாசம் என்று அஞ்சலட்டையில் எழுதினேன். வரவில்லை. அதே வாரம் 'வாசகர் குரலில்' ஒரு நடிகரின் மீசையைப் பற்றி நான்கு கடிதம் வந்திருந்தது. இடம் இல்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

பட்ஜெட் வந்தால் நிதிப் பற்றாக்குறையும் வருவாய்ப் பற்றாக்குறையும் உங்களுக்கு ஒன்று. ஒரே பொருளுக்கு முதல் பக்கத்தில் ஈரநிலம், ஐந்தாம் பக்கத்தில் சதுப்புநிலம், ஞாயிறு இணைப்பில் நீர்நிலம். எங்கள் பிள்ளைகள் முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். ஆனால் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் யோசித்துத் தமிழில் எழுத வேண்டும். அவர்களுக்குத் தமிழ்ச் சொல் தருகிற ஒரே ஆசிரியர் நீங்கள். வகுப்புக்கு ஒரு சொல் சொல்லும் ஆசிரியரை என் காலத்தில் தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கேட்பார். உங்களைக் கூப்பிட்டுக் கேட்க யார் இருக்கிறார்கள்?

சனிக்கிழமை வினா விடையில் விடைகள் மாறியிருந்தால் மறுவாரம் திருத்தம் போடுகிறீர்கள், மறுக்கவில்லை. இரங்கல் விளம்பரங்களுக்கு நடுவில், எறும்பு எழுத்தில். கண்ணாடி போட்டுக்கொண்டு நான்தான் தேடி என் மகளுக்குச் சொல்கிறேன்.

சரி. பதினைந்து நாள் போதும் என்றவர் தொகுப்பு விற்கிறாரா என்று நான் கேட்கவில்லை. அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் வந்த விளம்பரத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

என் மகள் இப்போது செய்வது இது. நோட்டின் வலப் பக்கத்தில் மட்டும் எழுதுவாள். இடப் பக்கம் காலி. எண் மாறும்போது, மசோதா சட்டமாகும்போது, வழக்கில் தீர்ப்பு வரும்போது இடப் பக்கத்தில் தேதியோடு எழுதுவாள். வார முடிவில் ஒருமுறை, மாத முடிவில் ஒருமுறை, தேர்வுக்கு முன் ஒருமுறை. ரெப்போ வட்டிக்கு, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டிக்கு, எதிரே பாருங்கள்: 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதம், அப்படியே இரண்டு ஆண்டு. 2025 பிப்ரவரியில் 6.25, ஏப்ரலில் 6, ஜூனில் 5.5. நான்கு வரியில் ஒரு பொருளாதாரப் பாடம். இதைத்தான் நாங்கள் திருப்புதல் என்கிறோம்.

அதற்குத்தான் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் 'நாட்டு நடப்பு' பகுதி 9-ஆம் பக்கத்தில் வருகிறது. அதன் பின்பக்கம் 10, தலையங்கமும் நடுப்பக்கக் கட்டுரையும். ஒன்றைக் கத்தரித்தால் மற்றொன்று செத்துப்போகிறது. இதற்காகவே வீட்டில் இரண்டு பிரதி வாங்குகிறோம். இ-பேப்பர் இருக்கிறதே என்பீர்கள். அதற்கும் இப்போது சந்தா, தவிர போனைக் கையில் எடுத்த பிள்ளை ராம்சாரில் தொடங்கி எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? 'நாட்டு நடப்பை' 11-க்கு மாற்றுங்கள். 12-இல் நகைக்கடையின் முழுப்பக்க விளம்பரம்தானே, அதை வெட்டினால் யாருக்கும் நட்டமில்லை. முடிந்தால் அந்தப் பகுதியின் தலைப்பை ஒட்டியே தேதியையும் போடுங்கள். பக்கத்தின் உச்சியில் இருக்கும் தேதி, கத்தரிக்கும்போது தரையில் விழுந்துவிடுகிறது.

பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம். தேர்வு முடியும்வரை யாருக்கும் சொல்லாதே என்று மகள் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர்,
விருதுநகர் மாவட்டம்