சாருக்குப் போட்ட வட்டம்

மார்த்தாண்டம்,
வெள்ளி ராத்திரி

மக்கா,

எட்டு மாசமா எழுதாதது என் தப்புதான். ஏசுறத நேர்ல வச்சுக்கோ. இங்க எல்லாரும் சொகம். மழையில ரப்பர் பால்வெட்டு நின்னு கெடக்கு.

இப்ப எழுதுறது ஒரு தோல்வியச் சொல்ல. பிளஸ் டூ அரைப் பரீட்சையில வினையூக்கிக்கு, அதான் தான் தீராம வினைய வேகப்படுத்துற பொருளுக்கு, உதாரணம் கேட்டதுக்கு, ‘ரப்பர் பால உறைய வைக்கிற ஆசிட்’னு எழுதி முட்டை வாங்கினேன்லா? அன்னையிலேருந்து மண்டையன் சாரை ஏசாத நாளில்ல. சார் போட்டது சரிதான் மக்கா. நிரூபிச்சது எங்க எளையவ.

மெடிக்கல்ல புண்ணு கழுவ விக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கிட்டு வந்தா. அது தானாவும் சிதையும். ஆனா கண்ணுக்கே தெரியாத மெதுவு. பழைய டார்ச் கட்டைய ஒடச்சு, உள்ள இருந்த கருப்புப் பொடியில ஒரு சிட்டிகை போட்டா. குபுகுபுன்னு ஆக்சிஜன்! பொடிய வடிகட்டி, கழுவி, காயவச்சுத் திரும்பப் போட்டா. அதே குபுகுபு. அந்த மாங்கனீசு டை ஆக்சைடு தீரவே இல்ல. நம்ம பார்மிக் ஆசிட் அப்படியா? பாலுல மெதக்குற ரப்பர் துணுக்கோட மின்னூட்டத்த முறிச்சு ஒட்டவைக்கும்போதே அதுவும் செலவாயிருது. தட்டுக்குத் தட்டு புதுசா ஊத்தணும். வருசக்கணக்கா காசு குடுத்து வாங்கின எனக்கு இது ஒறைக்கல பாத்தியா!

பச்சை உருளைக்கெழங்கு போட்டாலும் நுரைச்சுது. வேகவச்சத போட்டா ஒண்ணுமில்ல. கெழங்குக்குள்ள வினையூக்கியா இருக்குற நொதி சூட்டுல கெட்டுப்போயிருமாம்.

வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் மேட்ட ‘கிளர்வு ஆற்றல்’னு உருப்போட்டோமே, அதுவும் இப்பத்தான் வெளங்குச்சு. திருநெல்வேலிக்குப் போக மகேந்திரகிரி மேலயா ஏறுறோம்? ஆரல்வாய்மொழிக் கணவாய்ல பஸ்ஸே போவுது. மலை மலையாத்தான் நிக்கும். வினையூக்கி தாழ்ந்த வழி ஒண்ணக் காட்டும். திரும்பி வாறவனுக்கும் அதே கணவாய்தான். அதான் போற வினையும் திரும்புற வினையும் ஒரே வேகத்துக்கு வார சமநிலை எடம் மாறாம, சீக்கிரம் மட்டும் வந்து சேருது. 1835-ல சுவீடன் வேதியியல்காரர் பெர்சீலியஸ் பேரு வச்ச சங்கதி, குழித்துறை ஆத்தத் தாண்டி எனக்கு வந்துசேர இத்தனை காலம்!

சாரப் பாக்கப் போனேன். பக்கவாதம். பேச்சு இல்ல, ஆளும் தெரியல. கட்டில் பக்கத்துல ரொம்ப நேரம் சும்மா இருந்தேன். எந்திரிக்கும்போது காதுல, “நான்தான் சார், ஆசிட்”ன்னேன். முழிச்சுப் பாத்தார். வலது கையத் தூக்க முடியல. இடது கை வெரலால காத்துல மெதுவா ஒரு வட்டம் போட்டார்.

என்னப் பாத்து எழுதின ஒனக்கும் ஒண்ணு பாக்கி கெடக்கு. புனலூர்லேருந்து சீக்கிரம் வண்டி ஏறு.

ஒன் பழைய
ஆசிட்