மூச்சு விடச் சொல்லித் தந்தவர்களுக்கு

காசிமேடு துறைமுகத்தில் ஐஸ் பார் ஏற்றி இறக்குகிற வேலை எனக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, எங்களுக்கும் பெரிதாக வேலை இருக்காது. போன வருஷம் அப்படி வீட்டில் முடங்கிக் கிடந்த ஒரு நாள், என் தம்பியைக் கைநீட்டி அடித்துவிட்டேன். டிவி சத்தம் அதிகமாம், அதுதான் காரணம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அவன் திருப்பி அடிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். மறுநாள் காலையில் பாக்சிங் மாஸ்டர் முன்னால் போய் நின்றேன்.

மாஸ்டர், மூன்று வாரம் என்னைக் கிளவுஸைத் தொடவே விடவில்லை நீங்கள். ஸ்கிப்பிங், காலடி, கையில் துணி சுற்றுவது, அவ்வளவுதான். அப்புறம் ஒரு நாள் 17 வயசுப் பையனோடு இறக்கிவிட்டீர்கள். ஐஸ் பார் தூக்குகிற கை, பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ரவுண்டு 3 நிமிஷம். எனக்கு ஒரு நிமிஷத்திலேயே நாக்குத் தள்ளிவிட்டது. 'மூச்ச அடக்கிக்கினு குத்துற நீ. அதான் இரைக்குது. கை போறப்போ மூச்சும் வெளிய போவணும்' என்றீர்கள். வீட்டில் கோபம் வரும்போதும் பல்லைக் கடித்து மூச்சைப் பிடித்துவைப்பேன் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. கோபம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். போன வாரம்கூட ஏலத்தில் ஒருவரிடம் கத்தினேன். ஆனால் கை எழவில்லை.

அந்தப் பையனுக்கு: தம்பி, நீ மூக்கில் குத்தியதைவிட ஒவ்வொரு தடவையும் 'சாரிண்ணா' என்றாயே, அதுதான் ரொம்ப வலித்தது.

கல்மண்டபம் டீக்கடை அக்கா, அவித்த முட்டைக் கணக்கை எழுதினீர்களே தவிர, ஒரு நாளும் கேட்கவில்லை. இந்த மாதம் தீர்த்துவிடுகிறேன். படகுகள் திரும்பக் கடலுக்குப் போனதும், பயிற்சிக்குத் தோதாக நேரத்தை மாற்றித் தந்த மேஸ்திரிக்கும் நன்றி.

போன மாதம் முதல் போட்டி. பாயின்ட்டில் தோற்றேன், ஆனால் 3 ரவுண்டும் நின்றேன். இரண்டாவது ரவுண்டில் கூட்டத்திலிருந்து 'அண்ணா, மூச்சு விடு!' என்று ஒரு சத்தம். என் தம்பிதான். வருகிறேன் என்று அவன் சொல்லவே இல்லை.

எழுதியதை நேற்று அவனுக்குப் படித்துக் காட்டினேன். 'வெறும் டிவி சத்தம்னு எழுதாத, கடைசி ஓவர் ஓடிக்கினு இருந்துச்சுன்னு போடு' என்றான். போட்டுவிட்டேன்.