பெரெசினாவை மூன்று வரியில் தாண்டாதே

அன்புள்ள முரளி,

நெப்போலியனைப் பற்றிய உன் உரையின் வரைவு வந்து சேர்ந்தது. போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நெப்போலியன் என்று ஆரம்பித்தால் நீ என்னைப் பேச விடமாட்டாய், அதனால் எழுதுகிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னவன் வேலை மாறிவிட்டான். கணேசன் சாரைப் பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல், பரணி கேட்டால் ஒன்றும் சொல்லாதே. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நெப்போலியன் 1805இல் ஜெயித்த ஆஸ்டர்லிட்ஸ் போருக்கு நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். மூடுபனி, பிராட்சன் மேடு, சூரியன் வந்தது எல்லாம் அருமை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1812 நவம்பருக்கு வந்ததும், ரஷ்யர்களை ஏமாற்றிவிட்டு பெரெசினா ஆற்றைக் கடந்தான் என்று மூன்றே வரியில் முடித்துவிட்டாய். எப்படிக் கடந்தான்? எதன் மேல் நடந்து கடந்தான்? காலேஜிலிருந்தே நீ இப்படித்தான், உன் ஆள் ஜெயித்தால் அரை மணி நேரம் பேசுவாய், தோற்றால் குளிர் மேல் பழி போடுவாய். சம்பளம் வாங்கிய காலம் முழுக்கப் பாலத்தடியிலேயே கிடந்தவன் நான், இதை விடமுடியாது.

நிலைமையை யோசித்துப் பார். மாஸ்கோவைப் பிடித்துவிட்டு அங்கிருந்து அக்டோபர் 19இல் பின்வாங்கிக் கிளம்பிய படை ஒரு மாதத்தில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. மூன்று பக்கமும் ரஷ்யத் தளபதிகள்: பின்னால் குதூசோவ், வடக்கிலிருந்து விட்கென்ஸ்டைன், மேற்குக் கரையில் சிச்சகோவ். போரிசோவ் ஊரில் இருந்த ஒரே பாலமும் எரிந்துபோனது. ஆறு உறைந்திருந்தால் பாலமே தேவையில்லை, ஆனால் அந்த வாரம் பார்த்துக் குளிர் விட்டு, பனிக்கட்டி உருகி, ஆறு பெருகி ஓடுகிறது. கொடுமை என்னவென்றால், சில நாள் முன்பு வழியில் ஓர்ஷா என்ற ஊரில், பீரங்கிகளை இழுக்கக் குதிரை போதவில்லை என்று, கூடவே வந்த படகுப் பால வண்டிகளையெல்லாம் எரித்துவிடச் சொன்னவன் உன் நெப்போலியன்தான்.

எப்லே என்ற பெயர் உன் உரையில் எங்குமே இல்லை, முரளி. ஜெனரல் ழான் பாப்டிஸ்ட் எப்லே. பீரங்கிப் படை சார்ஜெண்ட் ஒருவரின் மகன், அப்போது 54 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். பாலம் கட்டும் படைப்பிரிவு அவர் பொறுப்பு. போர்ச்சுகலில் பிரெஞ்சு மார்ஷல் மசேனாவின் படையில் இருந்தபோது கருவிகள்கூட இல்லாமல், அவற்றையே அங்கே அடித்து, கிடைத்த மரத்தில் படகு கட்டியவர். அதனால் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அவருக்குத் தெரியும். படகுகளை எரித்தார். ஆனால் கேட்டு வாங்கி, இரண்டு உலைவண்டி, இரண்டு வண்டி கரி, ஆறு பெட்டிவண்டி நிறையக் கருவி, ஆணி, இரும்புக் கொக்கி ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டார். படையினர் ஆளுக்கொரு கருவியைத் தோளில் சுமந்தார்கள். பசியில் துப்பாக்கியையே வழியில் போட்டுவிட்டு நடந்த கூட்டத்தின் நடுவே இவர்கள் ஆணி சுமந்தார்கள்! படிக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கடக்கும் இடத்தைக் கண்டுபிடித்தது பிரெஞ்சு ஜெனரல் கோர்பினோவின் குதிரைப்படை. ஒரு விவசாயியின் குதிரை வயிறுவரை நனைந்திருந்ததைப் பார்த்து, பக்கத்தில் இறங்கிக் கடக்கும் துறை இருக்கிறது என்று புரிந்துகொண்டார்கள் என்பார்கள். போரிசோவுக்கு வடக்கே ஸ்டுட்யென்கா என்ற சின்ன கிராமம், இன்றைய பெலாரஸில் இருக்கிறது. நெப்போலியன் தெற்குப் பக்கம் கடக்கப்போவதாகப் போக்குக் காட்டினான், சிச்சகோவும் நம்பித் தெற்கே நகர்ந்தார். அது உண்மையிலேயே பிரமாதமான வேலை, அதற்கு உண்டான பாராட்டை நீ கொடுத்தது சரிதான்.

ஆனால் ஏமாற்றி முடித்த பிறகும் ஆறு அங்கேயேதானே ஓடுகிறது? கிராமத்து வீடுகளைப் பிரித்தார்கள். உத்தரத்தை அறுத்து மரத்தாங்கிகள் செய்தார்கள், பாலத்துக்கு 23 வீதம் இரண்டு பாலம். ஆற்றின் அகலம் சுமார் 100 மீட்டர். தாங்கிகளை நிறுத்த ஆள் தண்ணீரில் இறங்கியே ஆகவேண்டும். சுமார் 400 பேர், நெஞ்சுவரை, சில இடத்தில் தோள்வரை, மிதந்து வரும் பனிக்கட்டி மோத மோத நின்று வேலை செய்தார்கள். நவம்பர் 26 மதியம் ஒரு மணிக்குக் காலாட்படைக்கான பாலம் தயார். நாலு மணிக்குப் பீரங்கிக்கும் வண்டிக்குமான இரண்டாவது பாலம்.

இங்கேதான் என் தொழில் புத்தி வேலை செய்கிறது, பொறுத்துக்கொள். அடியில் சேறு. தூண் அடித்து இறக்க நேரமும் இல்லை, வசதியும் இல்லை. தாங்கி சும்மா சேற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது, பாரம் ஏறினால் ஒன்று அரை அடி இறங்கும், பக்கத்தில் இருப்பது இறங்காது. மேலே பலகைக்குப் பதில் உருட்டுக் கட்டைகள், வண்டிச் சக்கரம் ஒவ்வொரு கட்டையிலும் ஏறி இறங்கிக் குலுக்குகிறது. நிற்குமா? அன்று இரவு எட்டு மணிக்குத் தாங்கிகள் சாய்ந்தன. அதிகாலை இரண்டு மணிக்கு மறுபடி, விடியும் நேரம் மறுபடி. நெருப்பருகே அப்போதுதான் கண்ணயர்ந்த ஆட்களை ஒவ்வொரு முறையும் எழுப்பி, திரும்பத் தண்ணீருக்குள் இறங்கு என்று சொல்லவேண்டும். எந்த வாயால் சொல்வது? எப்லே தானே முதலில் இறங்கினார், பின்னால் அவர்கள் இறங்கினார்கள்.

இப்போது என்னைத் தூங்கவிடாத விஷயம். படைப்பிரிவாக அணிவகுத்து வந்தவர்கள் கடந்துவிட்டார்கள். ஆனால் இரவு நேரங்களில் பாலம் பெரும்பாலும் காலியாகக் கிடந்தது! பல ஆயிரம் பேர், ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டவர்கள், காயம்பட்டவர்கள், படையோடு வந்த பெண்கள், குழந்தைகள், எல்லோரும் கிழக்குக் கரையில் நெருப்பு மூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்து நூறு மீட்டர் நடந்தால் உயிர். யாரும் எழவில்லை. 28ஆம் தேதி விட்கென்ஸ்டைனின் பீரங்கிக் குண்டு கூட்டத்தில் விழ ஆரம்பித்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பாலத்துக்கு ஓடி, மிதிபட்டும் ஆற்றில் விழுந்தும் செத்தார்கள். அன்று இரவு பிரெஞ்சு மார்ஷல் விக்டரின் பின்காப்புப் படை கடந்த பிறகு பாலம் மறுபடி காலி. எப்லேயின் ஆட்கள் போய்க் கெஞ்சினார்கள், கிளப்பிவிட வண்டிகளுக்குத் தீ வைத்துக்கூடப் பார்த்தார்கள். ஊஹூம்.

என்.எஸ்.எஸ். முகாமில் புயலுக்கு முந்தின நாள் கடலோரக் குடிசைகளில் நீயும் நானும் போய்க் கெஞ்சினோமே, நினைவிருக்கிறதா? தண்ணீர் வாசலுக்கு வரும்வரை யார் எழுந்தார்கள்? ஆனால் பெரெசினாவில் அது மட்டும் காரணம் இல்லை என்று எனக்குப் படுகிறது. அந்தப் படையில் கட்டளை படைப்பிரிவு வழியாகத்தான் இறங்கும். பிரிவு சிதைந்து தனி ஆளாகிவிட்டவனிடம் நட என்று சொல்ல எந்த அதிகாரியும் இல்லை, அவன் யார் கணக்கிலும் இல்லை. பாலத்தைக் கட்ட அவ்வளவு யோசித்தவர்கள், இந்தக் கூட்டத்தை முதல் இரவிலேயே நடத்திக் கடத்த ஒரு ஆளைப் பொறுப்பாக நியமித்திருந்தால்? உன் மாவீரன் செய்யத் தவறியது இதுதான் என்பேன். சண்டைக்கு வா, வரவேற்கிறேன்.

29ஆம் தேதி விடிந்ததும் பாலத்தை எரிக்கவேண்டும் என்பது எப்லேவுக்கு உத்தரவு. கரையில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். ஒன்பது மணி வாக்கில், ரஷ்யர்கள் நெருங்கிய பிறகு, வேறு வழியில்லாமல் தீ வைத்தார். தண்ணீரில் நின்ற 400 பேரில் ஊர் திரும்பியவர்கள் மிகச் சிலர். எப்லே அந்த ஆண்டின் கடைசி நாள் கோனிக்ஸ்பெர்கில் (இன்றைய கலினின்கிராட்) இறந்துபோனார். பாரிஸ் வெற்றி வளைவில் அவர் பெயரும் செதுக்கியிருக்கிறது, போனால் பார்க்கவேண்டும்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள். மறுகரையில் ஜெம்பின் என்ற ஊருக்குப் போகும் பாதை சதுப்பு நிலம் வழியாகப் போகிறது, அதில் வரிசையாக மரப்பாலங்கள். சிச்சகோவின் ஆட்கள் அவற்றை எரிக்காமல் விட்டுவிட்டார்கள். ஒரு வைக்கோல் கட்டும் தீப்பொறியும் போதும், எப்லே கட்டியது அத்தனையும் வீணாகி, நெப்போலியன் அங்கேயே கைதாகியிருப்பான். மேதைமை மேதைமை என்று எழுதும் இடத்தில் இதற்கும் ஒரு வரி கொடு.

ஆஸ்டர்லிட்ஸில் ஒரு பக்கத்தை வெட்டினாலே இதற்கெல்லாம் இடம் கிடைக்கும். கூட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே, திருத்தி அனுப்பு. நானும் வருகிறேன், ஆனால் வெங்கட் பக்கத்தில் மட்டும் என்னை உட்கார வைக்காதே.

அன்புடன்,
சேகர்